முயலுக்கு வலிக்கக் கூடாது

சென்னையில் கருணை அதிகம் விளையும் பகுதிகளில் இப்போது ஒரு வகை உணவகம் பெருகிவருகிறது. வாசலில் மூங்கில் தட்டி. உள்ளே மங்கல் மஞ்சள் விளக்கு. சுவரில் கண்ணீர் தளும்பும் கண்களோடு ஒரு பசு. மேசையில் முந்திரிச் சீஸ் உருகும் பீட்சா, முந்திரி வெண்ணெய் தடவிய ரொட்டி, முந்திரிப் பாலில் கலந்த காபி, முந்திரிக் கிரீம் வழியும் கேக். பால் கிடையாது, நெய் கிடையாது, தேன்கூடக் கிடையாது. விலைப்பட்டியலின் அடியில் பச்சை எழுத்தில் ஒரு உறுதிமொழி: இந்த உணவுக்காக எந்த உயிரும் துன்பப்படவில்லை.

எந்த உயிர் என்று சாப்பிடுகிறவர்களிடம் கேட்பது நாகரிகமில்லை. பண்ருட்டிக்குப் போய்க் கேட்கலாம்.

முந்திரிப் பருப்பு மரத்திலிருந்து பருப்பாக விழுவதில்லை. கொட்டையாக விழுகிறது. அந்தக் கொட்டையின் ஓட்டுக்குள் பிசுபிசுவென்று ஒரு கறுத்த பால் இருக்கிறது. அனகார்டிக் அமிலமும் கார்டாலும் சேர்ந்தது அது. தோலில் பட்டால் பொத்துப்போகும். கொட்டையை வறுத்தாலும் ஆவியில் அவித்தாலும் ஓட்டில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதை உடைத்துப் பருப்பை எடுக்கிறவர்கள் பெண்கள். பல இடங்களில் கூலி நாளுக்கு இல்லை, கிலோவுக்கு. கையுறை போட்டால் வேகம் போகும், வேகம் போனால் காசு போகும். அதனால் விரல்களில் சாம்பலைப் பூசிக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் விளக்கெண்ணெய். நகக்கண் கறுத்து, தோல் உரிந்து, புதுத்தோல் வந்து, அதுவும் உரிகிறது. அடியும் அளவாக விழ வேண்டும். பருப்பு முழுசாக வந்தால் ஒரு விலை, இரண்டாக உடைந்தால் வேறு விலை. ஒரு பவுண்டுக்குச் சுமார் 320 பருப்பு நின்றால் அதற்கு டபிள்யூ 320 என்று பெயர். இன்னும் பருத்து 180 நின்றால் அது ராஜ முந்திரி. பருப்புக்கு இத்தனை தரம் பிரித்துவைத்திருக்கும் வணிகத்தில் விரலுக்கு ஒரே தரம்தான்.

இதில் வேடிக்கை, அந்தப் பெண் கிட்டத்தட்ட வீகன். காலையில் கடுங்காப்பி, பால் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால். மதியம் சோறும் புளிக்குழம்பும். நெய்யைக் கோயில் விளக்கில் பார்த்திருப்பார். தோல் செருப்பு இல்லை, ரப்பர் செருப்பு. பட்டுப்புடவை ஒன்று இருந்திருக்கலாம், அதுவும் அடகில். அவருடைய வாழ்க்கைமுறையைப் புகழ்ந்து யாரும் பேட்டி எடுத்ததில்லை. ஒரே ஒரு குறை, கருவாடு கிடைத்தால் விடமாட்டார். அந்தப் பாவத்துக்காக அவரைத் திருத்த நகரத்திலிருந்து ஒரு குழு கிளம்பினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பண்ருட்டி போதவில்லை என்றால் காசர்கோடு இருக்கிறது. கேரள அரசின் பெருந்தோட்டக் கழகத்துக்குச் சொந்தமான முந்திரித் தோட்டங்களில், 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை, ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தேயிலைக் கொசு என்கிற பூச்சியைக் கொல்ல. தோட்டங்கள் மேட்டில், வீடுகளும் ஓடைகளும் பள்ளத்தில். தலை மட்டும் பெருத்துக்கொண்டே போகிற பிள்ளைகள், இருபது வயதிலும் அம்மா மடியில் கிடக்கிற பிள்ளைகள் என்று அந்த ஊர்களின் படங்கள் வெளிவந்த பிறகும் ஆராய்ச்சிக் குழு மேல் ஆராய்ச்சிக் குழுவாகப் போட்டு வருடங்களைக் கடத்தினார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்கு நாடு முழுதும் தடை போட்டது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்தில் கொடு என்று கேரள அரசுக்கு உத்தரவிட்டது. 2022 மே மாதம் அதே நீதிமன்றம் திரும்பிப் பார்த்தபோது, 3,704 பேரில் பணம் போய்ச் சேர்ந்திருந்தது எட்டுப் பேருக்கு. அவமதிப்பு வழக்குப் போட்டார்களே, அந்த எட்டுப் பேருக்கு மட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அந்தப் பருப்பில் விலங்குப் பொருள் துளியும் இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வீகன் உணவு விதிகளைப் பாருங்கள். விலங்கிலிருந்து வந்த எதுவும் சேரக் கூடாது, விலங்கைக் கொண்டு சோதித்திருக்கக் கூடாது. சரியான விதிகள்தாம். மனிதர் என்ற விலங்கு அதில் எந்தப் பிரிவில் வருகிறது என்று தேடினேன். வரவில்லை.

உடனே ஒரு கூட்டம் கிளம்பும்: அப்படியானால் பால் பண்ணைக் கொடுமை பரவாயில்லையா? பரவாயில்லை என்று யார் சொன்னது? ஆண் கன்று பிறந்தால் அதற்கு என்ன கதி என்பது பால்காரருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். செத்த கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தாய்ப்பசுவின் முன்னால் நிறுத்திப் பால் கறந்த சாமர்த்தியம் நம் ஊர்ச் சொத்து, அதை எந்தப் பன்னாட்டு நிறுவனமும் சொல்லித் தரவில்லை. அந்தப் பசுவுக்காக ஒருவர் பாலை விட்டால் அவருக்கு என் வணக்கம். என் சண்டை அவரோடு இல்லை. பசுவின் கண்ணீரைச் சுவரில் மாட்டி, அதன் கீழே உட்கார்ந்து, இன்னொருத்தியின் விரலைக் கேக்காகத் தின்றுவிட்டு, அதற்குக் கொடுமையற்றது என்று சான்றிதழும் கேட்கிறவர்களோடுதான்.

சான்றிதழ் என்றதும் அந்த முயல் நினைவுக்கு வருகிறது. அழகுசாதனப் பெட்டிகளில் துள்ளிக் குதிக்குமே, அந்த முயல். இந்தப் பொருளை என்மீது சோதிக்கவில்லை என்று அது சாட்சி சொல்கிறது. நல்ல சேதி. ஆனால் அழகுசாதனப் பொருள்களை விலங்குகள்மீது சோதிப்பதற்கும், அப்படிச் சோதித்தவற்றை இறக்குமதி செய்வதற்கும் இந்தியா 2014லேயே தடை போட்டுவிட்டது. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததைத் தனிக்கருணையாகக் காட்டி விற்கும் வித்தை வியாபாரிகளுக்குக் கைவந்தது. திருடாமல் கடை நடத்துகிறோம் என்று பலகை மாட்டி அதற்கும் ஒரு விலை வைக்கலாம்.

இருக்கட்டும், முயல் பிழைத்தது. உதட்டுச் சாயத்திலும் இமைப் பூச்சிலும் அந்த மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் அபிரகத்திலிருந்து, நம் பாட்டிமார் காக்காப்பொன் என்பார்களே, அதிலிருந்து. அந்த அபிரகத்தில் ஒரு பெரும்பங்கு ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடி பக்கத்திலிருந்து. கைவிட்ட சுரங்கங்களின் குறுகிய பொந்துகளுக்குள் நுழையச் சிறிய உடம்புதான் வசதி. அதனால் குழந்தைகள் நுழைகிறார்கள். மேல்மண் சரிந்தால் உள்ளேயே கிடக்கிறார்கள், சட்டவிரோதச் சுரங்கம் என்பதால் பல சாவுகள் கணக்குக்கே வருவதில்லை. பெட்டியில் இடம் ஒரு படத்துக்குத்தான் இருந்தது போலும். முயலைப் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் உடை. பருத்திச் சட்டையின் முதுகில் புலால் மறுத்தல் அதிகாரம் அச்சாகியிருக்கும். சட்டை திருப்பூர்ச் சரக்கு. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையை நிறைத்த காலத்தில், பாசனத்துக்கென்று கட்டிய அணையில் தயவுசெய்து தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே நீதிமன்றம் போனார்கள். உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒரு வேண்டுகோள் எழுந்திருக்குமா தெரியவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற மங்கலமான பெயரில், மூன்று வருடம் விடுதிக்குள் அடைத்துவைத்து வேலை வாங்கிய பெண்பிள்ளைகளின் கதை தனி. நூலில் ஆட்டு மயிர் இல்லை, பட்டுப்புழு சாகவில்லை. ஆகவே சுத்தம். வீகன் லெதர் பையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: அது பெரும்பாலும் பிளாஸ்டிக். மாட்டைக் காப்பாற்றிய கையோடு குப்பைமேட்டில் அந்த மாட்டுக்கே தின்னப் போடலாம்.

பாதாம் பால்? உலகத்துப் பாதாமில் பெரும்பகுதி கலிஃபோர்னியாவில் விளைகிறது. பூப்பூக்கும் மாதத்தில் அமெரிக்கா முழுவதிலிருந்தும் தேனீப் பெட்டிகளை லாரி லாரியாக ஏற்றி அங்கே கொண்டுபோய் வேலை வாங்குகிறார்கள். தேனைத் தொடாத புண்ணியவான் அந்தப் பாலைக் குடிக்கிறார். தேனீ புலம்பெயர்ந்த கூலித் தொழிலாளியாகிவிட்டால் கணக்கில் சேராது போலிருக்கிறது.

பண்ருட்டி முந்திரிக்காட்டிலிருந்து வடலூர் தூரமில்லை, இரண்டும் கடலூர் மாவட்டம்தான். வள்ளலாரை நம் கருணையாளர்கள் மேடைதோறும் இழுக்கிறார்கள். கொலையும் புலாலும் வேண்டாம் என்றவர் அவர், உண்மை. ஆனால் அந்த மனிதர் 1867இல் வடலூரில் தொடங்கியது உணவு ஆராய்ச்சிக்கூடம் அல்ல, தருமச்சாலை. பசித்தவரின் பசியை ஆற்றுவதைத்தான் அவர் சீவகாருணியத்தின் முதல் வேலையாக வைத்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்னமும் எரிகிறது. வந்தவர் என்ன சாதி, நேற்று என்ன சாப்பிட்டார் என்று அங்கே விசாரணை கிடையாது. அவர் பெயரைச் சொல்லும் நம் ஆட்களுடைய அடுக்ககத்தில் சமையல் செய்யும் அம்மாவுக்குத் தனி லிஃப்ட், தனி டம்ளர். வாசலில் தெருநாய்க்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம் பீங்கான். சித்திரை வெயிலில் பத்து நிமிடத்துக்குள் ஓட்ஸ் பாலைக் கொண்டுவந்து நிற்கிற பையனுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆள் இல்லை, தாமதமாக வந்ததற்கு நட்சத்திரத்தைக் குறைக்க ஆள் உண்டு. அடுக்ககத்தின் கழிவுத் தொட்டி நிரம்பினால் யாரை அழைக்கிறார்கள், அவர் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குகிறார் என்பதை கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்த 2013ஆம் வருடத்துச் சட்டம் வேண்டுமானால் கேட்கட்டும்.

இதையெல்லாம்கூடப் பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று விட்டிருப்பேன். ஆனால் இவர்களில் சிலருக்கு இப்போது பள்ளிக்கூடத்து முட்டைமேல் கண் விழுந்திருக்கிறது. அரசுப் பணத்தில் முட்டை கொடுப்பது வன்முறையாம், பிள்ளைகளுக்குச் சிறுதானியமும் முளைகட்டிய பயறும் கொடுத்தால் போதுமாம். மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக்கு முட்டை கொடுக்கும் யோசனையை முதலமைச்சரே தடுத்தார். எடை குறைந்த குழந்தைகள் எக்கச்சக்கமாக இருக்கும் மாநிலம் அது. அங்கே கோழிக்குக் கிடைத்த நியாயம் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில் சத்துணவில் முட்டை வந்தது 1989இல், இரண்டு வாரத்துக்கு ஒன்று. வாரத்துக்கு ஐந்தாக ஆனது 2010இல். இடையில் இருபத்தொரு வருடம். கொட்டை உடைக்கும் அந்தப் பெண்ணின் பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவதற்கு அந்த முட்டையும் ஒரு காரணம். கருணைமிக்கவர்களுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்றால் திட்டத்தில் வழி இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர்களுக்கு அங்கே வாழைப்பழம் தருகிறார்கள். பிள்ளையின் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, வரிசையில் நின்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.