இரண்டு நாற்காலி சாம்

அமெரிக்காவில் இரண்டு வெவ்வேறு மாநிலங்களில் மக்கள் ஓட்டுப்போட்டு கவர்னரானவர் இன்றுவரை ஒருவர்தான்: சாம் ஹூஸ்டன். இரண்டு இடத்திலும் பதவிக்காலம் முடிவதற்குள் நாற்காலி காலியானதையும் அவர் சாதனைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

1829 ஜனவரியில் டென்னசி கவர்னர் ஹூஸ்டனுக்கும் எலைசா ஆலனுக்கும் கல்யாணம். பதினோரு வாரத்தில் மணப்பெண் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். காரணத்தைப் பற்றி இருவரும் கடைசிவரை மூச்சுவிடவில்லை. அவர்களுக்கும் சேர்த்து ஊர் பேசியது. ஐயா ராஜினாமாவை எழுதி வைத்துவிட்டு, சிறுவயதில் ஓடிப்போய்த் தங்கிய செரோக்கி மக்களிடமே மறுபடி போய்ச் சேர்ந்தார். அவர்கள் அன்று வைத்த பெயர் 'அண்டங்காக்கை'. இம்முறை குடித்த குடிக்குக் கிடைத்த பட்டம் 'மகா குடிகாரர்'.

1832இல் வாஷிங்டன் தெருவில், தன்மீது ஊழல் புகார் சொன்ன காங்கிரஸ் உறுப்பினர் ஸ்டான்பெரியைக் கைத்தடியால் வெளுத்து வாங்கினார். அவர் பதிலுக்குத் துப்பாக்கியை நீட்ட, அது வெடிக்க மறுத்துவிட்டது. சபை விசாரணையில் ஹூஸ்டனின் வக்கீல், பின்னாளில் தேசிய கீதமான பாட்டை எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீ. சபை கண்டித்தது, கோர்ட் 500 டாலர் அபராதம் போட்டது. நண்பர் ஜாக்சன்தான் ஜனாதிபதி, அபராதம் தள்ளுபடி!

அடுத்து டெக்சஸ், மெக்சிகோவிலிருந்து பிரியப் போராடிய படைக்குத் தளபதியாக. 1836 ஏப்ரல் 21, சான் ஹசிந்தோ. மெக்சிகோ படை பகல் தூக்கத்தில் இருந்தபோது புகுந்தார். 18 நிமிடத்தில் போர் முடிந்தது. சாதாரணச் சிப்பாய் உடுப்பில் மறுநாள் பிடிபட்ட மெக்சிகோ படைத்தலைவர் சாண்டா அன்னாவை, அவருடைய ஆட்களே மரியாதை செய்து காட்டிக்கொடுத்தார்கள். கணுக்காலில் குண்டு வாங்கிய ஹூஸ்டன் டெக்சஸ் குடியரசின் ஜனாதிபதி ஆனார். டெக்சஸ் அமெரிக்காவோடு இணைந்த பிறகு அமெரிக்க செனட்டர். மற்றவர்கள் முழங்க, இவர் உட்கார்ந்து கத்தியால் மரக்கட்டை சீவிக்கொண்டிருந்தார்.

1859இல் டெக்சஸ் கவர்னர். 1861 மார்ச்சில், யூனியனை விட்டுப் பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். பதவி பறிபோனது. லிங்கன் படை தருவதாகச் சொல்லியும், சொந்த ஜனங்களைச் சுட்டு நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டார்.

அடிமைகளை வைத்திருந்தவர் என்பதால் சிலைக்கு மாலை போடும்போது யோசித்துப் போடலாம். முதல் நாற்காலியை ஏன் விட்டார் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டாவதை ஏன் விட்டார் என்பது டெக்சஸுக்கு 1865இல், உள்நாட்டுப் போரில் தோற்ற பிறகு புரிந்தது. அதைச் சொல்லிக் காட்டத்தான் ஹூஸ்டன் இல்லை. 1863லேயே கண்ணை மூடிவிட்டார்.