பெயர் இழந்த நிரல்களுக்காக டெபியன் தொழில்நுட்பக் குழுவுக்கு ஒரு மனு



டெபியன் லினக்ஸில் பொதிகளைப் பராமரிப்போர், அதாவது மென்பொருளை நிறுவத்தக்க வடிவில் கட்டித் தருவோர், தமக்குள் தீர்த்துக்கொள்ள முடியாத சச்சரவுகளில் தீர்ப்பு வழங்கும் அதிகாரம் அதிகபட்சம் 8 பேர் கொண்ட தங்கள் குழுவிடம் உள்ளது. வெவ்வேறு வேலை செய்யும் இரு நிரல்களை ஒரே பெயரில் நிறுவலாகாது என்றும், உடன்பாடு எட்டப்படாவிட்டால் இரண்டின் பெயரையுமே மாற்றியாக வேண்டும் என்றும் டெபியனின் கொள்கை ஏடு விதிக்கிறது. வழக்காடிய இருவருக்குமே சொத்து இல்லை என்னும் இந்த நுட்பம் மரியாதை ராமனுக்குத் தோன்றாமல் போனது வியப்பே.

'நோட்' வழக்கு இவ்விதியின் உச்சம். வானலை வழியே தரவுப் பொட்டலங்களை அனுப்பும் ஏஎக்ஸ்.25 நெறிமுறைக்காக அமெச்சூர் வானொலியினர் பயன்படுத்திய நிரல் ஒன்று அப்பெயரில் முன்பே வாழ்ந்துவந்தது. உலாவிக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை இயக்க 2009-இல் வந்த நோட்.ஜேஎஸ்ஸும் அதே பெயரைச் சூடிக்கொண்டது. முன்னது நிர்வாகிகளுக்கான 'எஸ்பின்' அடைவிலும் பின்னது எல்லோருக்குமான 'பின்' அடைவிலும் குடியிருந்ததால் ஒன்றின் கோப்பை மற்றது அழிக்கவில்லை. ஆயினும் கட்டளையைத் தட்டும்போது கணினி எந்த அடைவில் முதலில் தேடுகிறது என்பதைப் பொறுத்து, யாரை அழைத்தால் யார் வருவார் என்பது நிச்சயமில்லாமல் போயிற்று. 2012-இல் தங்கள் குழு தயவு தாட்சண்யமின்றி ஒன்றை 'ஏஎக்ஸ்25-நோட்' என்றும் மற்றதை 'நோட்ஜேஎஸ்' என்றும் மாற்றியது.

உலகெங்கும் எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளோ தம்மை இயக்கவேண்டிய நிரலை முதல் வரியிலேயே 'நோட்' என்று அழைத்தன. டெபியன் கணினிகள், அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்று கைவிரித்தன. பரிகாரமாகத் தங்கள் குழு அருளிய 'நோட்ஜேஎஸ்-லெகசி' என்ற பொதி, பழைய பெயரிலிருந்து புதிய பெயருக்குக் கைகாட்டும் ஒரு குறியீட்டு இணைப்பை நிறுவுவதற்காகவே பிறந்தது. மூன்றே வயதான நிரலின் பெயர் இவ்வாறு பழம்பொருளாக்கப்பட்டதோடு, வேறு எந்தப் பொதியும் அதைச் சார்ந்திருக்கலாகாது என்ற தீண்டாமையும் விதிக்கப்பட்டது. ஆள் பலம் கண்டு சிறுபான்மை வானொலியினரைத் தள்ளிவிடாத நேர்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் அவர்களுக்கும் பெயர் மிஞ்சவில்லை என்பதால், அந்த நேர்மையால் பயனடைந்தவர் யாரென்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

2017-இல் தங்கள் குழுவே அத்தீர்ப்பை விலக்கிக்கொண்டு, நோட்.ஜேஎஸ் தன் பெயரில் இயங்க வழிவிட்டது. பயனர்கள் கைப்பட இணைப்பு போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்த ஐந்தாண்டுகளுக்கு இழப்பீடு எதுவும் கோரப்படவில்லை.

கோரப்படுவது ஒன்றே. கோப்பின் உள்ளடக்கத்தை வண்ணமிட்டுக் காட்டும் 'பேட்' என்ற நிரல், பேகுலா காப்புநகல் மென்பொருளின் மேலாண்மைக் கருவி அப்பெயரை முன்பே கொண்டிருந்ததால் டெபியனில் 'பேட்கேட்' ஆயிற்று. கோப்பு தேடும் 'எஃப்டி' அதே போல 'எஃப்டிஃபைண்ட்' ஆயிற்று. இம்மனுவைக் கோப்பில் ஏற்று, முந்தைய வழக்கைப் போல் ஐந்தாண்டு வாய்தா போடாமல், எந்தப் பெயரை இன்று எத்தனை பேர் தட்டுகிறார்கள் என்று விசாரித்து விரைந்து முடிவு சொல்லுமாறு குழுவினர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.