ஒத்தையில போறியாக்கும்?

ஏலே பேராண்டி, கேள்விப்பட்டேன். கடையத்துல ஆரம்பிச்சு மலையடிவாரத்து மண்பாதையிலேயே மத்தளம்பாறை, குத்தாலம், செங்கோட்டை, பண்பொழி, வடகரை, புளியங்குடின்னு ராஜபாளையம் வரைக்கும் சைக்கிள்ல போகப் போறியாம். தார் ரோட்டுல சக்கரம் படக்கூடாதாம். அதுவும் ராத்திரியிலயாம். அதுவும் ஒத்தையிலயாம். ஏன்டே, பகல்ல அந்தப் பாதை ஒனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?

சிரிக்கேன்னு கோவிச்சுக்காத. கெழவன் சிரிச்சா காசா பணமா? செத்த நேரம் இப்படித் திண்ணையில ஒக்காரு. போக வேண்டாம்னு சொல்ல வரல. எப்படிப் போறேன்னுதான் கேக்கேன்.

சைக்கிள் மிதிக்கது இந்தப் பக்கம் இப்ப பெரிய மனுசன் சோலி ஆயிருச்சு. மத்தளம்பாறையில ஜோஹோ கம்பெனி 2011-ல வந்துச்சு. அந்த முதலாளி ஸ்ரீதர் வேம்பு கிராமத்துப் பாதையில சைக்கிள்ல போற படத்த ஊரே பாத்திருக்கு. அவரு சாதா சைக்கிள்ல சாதாரணமா போறாரு. அதப் பாத்து கெளம்புன பயலுவதான் ஒரு சோடி உழவு மாட்டு வெலைக்கு சைக்கிள வாங்கி, அதுக்கு முன்னால ஒரு பை, நடுவுல ஒரு பை, சீட்டுக்குப் பின்னால ஒரு பைன்னு கெட்டித் தொங்க விடுதான். எல்லாம் தண்ணி புகாத பையாம். உள்ள என்னடான்னு பாத்தா, பாதிப் பை சார்ஜரும் ஒயரும்.

அந்த வெளக்கு இருக்கே, அத நெனச்சாதான் எனக்குத் தாங்கல. எங்க காலத்துல டயர்ல ஒரசுற டைனமோ உண்டு. அழுத்தி விட்டா மிதி பாரமாயிரும். சரக்குச் சரக்குன்னு சத்தம் வேற. வெளக்கில்லாமப் போனா போலீசுக்காரர் நிறுத்தி ரெண்டு டயர்லயும் காத்தப் புடுங்கி விட்டுருவாரு. அதுக்குப் பயந்து ஸ்டேசன் வாசல்ல மட்டும் டைனமோவ அழுத்திட்டு, திருப்பம் தாண்டுனதும் தூக்கி விட்டுருவோம். பொறவு பேட்டரி வெளக்கு வந்துச்சு, அந்தச் சவத்தக் கழட்டி எறிஞ்சோம். இப்ப ஜெர்மனிக்காரன் அதே டைனமோவ முன் சக்கரத்துக்கு நடுவுல ஒளிச்சு வச்சு பவுனு வெலை சொல்லுதான். நீங்களும் ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டு வாசல்ல காத்துக் கெடக்கீங்க. நாங்க தூரப் போட்டத நீங்க தவம் கெடந்து வாங்குதீங்க. நடக்கட்டும்.

இந்த ராத்திரிச் சவாரி வெள்ளக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நீ சொல்லுத. சரி, அவன் கதையையே பேசுவோம். பாரீசுலேருந்து பிரெஸ்ட் போயி திரும்பி வார பந்தயம் 1891-ல ஆரம்பிச்சது. சார்ல்ஸ் தெரோன்னு ஒருத்தன் தூங்காம மிதிச்சு 71 மணி 22 நிமிசத்துல வந்து சேந்தான். இப்பவும் நாலு வருசத்துக்கு ஒருக்க அது நடக்கு. 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். நம்ம ஆளுவளும் இங்க 200, 300, 400, 600-ன்னு படிப்படியா மிதிச்சுத் தகுதி வாங்கிட்டு அங்க போறாங்க. அதுக்கெல்லாம் கணக்கு உண்டு. 200-க்குப் பதிமூணரை மணி நேரம், 600-க்கு நாப்பது மணி நேரம். அது தார் ரோடு, பேரு எழுதி வச்சுக்கிட்டு விடுற சவாரி. குறை சொல்ல ஒண்ணுமில்ல.

ஒனக்கு அது பத்தல. நீ பாக்கது அமெரிக்காக்காரன் டூர் டிவைடு. கனடாவுல பான்ஃப்ங்கிற ஊர்ல ஏறுனா மெக்சிகோ எல்லை வரைக்கும் மலையோரத்து மண்பாதை, நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அங்க ஒரு சட்டம் வச்சிருக்கான் பாரு, யாரும் ஒனக்குன்னு தனியா உதவி செய்யக் கூடாதாம். கடையில காசு குடுத்து வாங்கித் திங்கலாமாம்.

ஏலே, இந்தச் சட்டம் நம்மூர்ல செல்லுமா? இலஞ்சி முக்குல ராத்திரி ரெண்டு மணிக்கு டீக்கடையில போயி நில்லு. "யாரு வீட்டுப் பையன்? இந்நேரத்துல எங்க போற? அந்தப் பாதையில தண்ணி நிக்கே, இந்தாப் போ"ன்னு மூணு சேதி சொல்லாம எவனாவது ஒனக்கு டீ ஆத்துவானா? அப்ப நீ தோத்துட்டியா? காத வேணா பொத்திக்கிட்டு டீய வாங்கு.

ஒத்தையிலன்னு சொல்லிக்கிட்டு ஒனக்குத் தொணை எத்தனை பேருன்னு பாரு. கைப்பிடியில ஒரு மேப்பு, மணிக்கட்டுல ஒரு வாட்ச்சு, பையில செல்லு. மேப்புல ஒன் புள்ளி எங்க நகருதுன்னு பாக்க அம்பது பேரு. நின்னா "ஏன் நின்ன?"ன்னு கேப்பான். ஒண்ணுக்கு இருக்கப் போனாக்கூட பதில் சொல்லியாகணும். எங்க காலத்துல வீட்டுல பொண்டாட்டிகூட இம்புட்டு விசாரிச்சதில்ல.

அத விடு. ராத்திரி அந்தப் பாதையில யாரும் இல்லன்னு ஒனக்கு யாருடே சொன்னது? மும்முனைக் கரண்டு எந்த நேரத்துல வருதோ, அந்த நேரத்துல எந்திரிச்சு மம்பட்டியோட வயலுக்குப் போறான் சம்சாரி. வடகரை, மேக்கரைப் பக்கம் தென்னந்தோப்புல, ஆனை எறங்கிருமேன்னு வேட்டு வச்சுக்கிட்டு விடிய விடிய முழிச்சுக் கெடக்கான். பாவூர்ச்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏத்துறவன் ஒறங்குறதே இல்ல. கார்த்திகை மார்கழியில அச்சங்கோவிலுக்கும் சபரிமலைக்கும் நடந்தே போறவங்க கூட்டம் வேற. பால்க்காரர் மணி நாலுக்கு கேன கெட்டிக்கிட்டுக் கெளம்புதாரு. அவரு சைக்கிளுக்கு கியர் கெடையாது, தலையில துண்டுதான். தெனமும் போறாரு. ஒரு நாளாவது "சாதிச்சுட்டேன்"னு போட்டோ போட்டாரா? போட்டா பாலு யாரு ஊத்துறது?

இனி பாதையைச் சொல்லுதேன், காதக் குடு. மேப்புல ஒரு கோடு தெரியுதுன்னு அதுல போகக் கூடாது. கடையத்துக்கு மேக்க களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-லேருந்து இருக்கு. கடையநல்லூர், புளியங்குடிக்கு மேக்க நெல்லை வனவிலங்குச் சரணாலயம். ரேஞ்சர் ஆபீசுல அனுமதி வாங்காம அந்த எல்லைக்குள்ள சக்கரத்த விட்டா குத்தம். கேசு போடுவாங்க, சைக்கிளையும் எடுத்து வச்சுக்குவாங்க. 2018 மார்ச்சுல தேனி குரங்கணியில மலையேறப் போனவங்களக் காட்டுத்தீ சுத்திக்கிச்சு. இருபதுக்கு மேல உசிரு போச்சு. அதுக்குப் பொறவுதான் சட்டதிட்டமெல்லாம் இறுகுச்சு. ஆபீசர் ஒன் வீரத்துக்கு எதிரி இல்லடே. நாளைக்கு ஒன்னத் தேடி மலைக்குள்ள வாரவரே அவருதான்.

காட்டுக்குள்ள போகல, அடிவாரத்துலதான் போறேங்கியா? அடிவாரத்துக்குத்தான் அதுவளும் வருதுவ. சிவசைலம் பக்கம் 2022-ல கரடி கடிச்சு மூணு பேரு ஆசுபத்திரியில கெடந்தாங்க. கரடிக்கு ஒன் ஹெல்மெட்டு பிராண்டு தெரியாது. ஆனைய விடு, அதாவது கண்ணுக்குத் தெரியும். பன்னிக்குன்னு திருட்டுத்தனமா கரண்டுக் கம்பி இழுத்து விட்டிருக்கானே சில புண்ணியவான், அது தெரியாது. தோட்டத்துக்கு நடுவுல குறுக்குப் பாதை தேடாதன்னு நான் சொல்லுதது அதுக்குத்தான். பாதையோரத்துல கைப்புடிச் சொவரு இல்லாத கிணறு எத்தனை கெடக்கு! அதுல ஒண்ணுகூட ஒன் மேப்புல இல்ல. ராத்திரியில எரை தேடுறது கட்டுவிரியன். பஞ்சர் ஒட்டக் குத்தவைக்கையில மொதல்ல தரையில வெளிச்சத்த அடிச்சுப் பாரு.

பஞ்சர்னதும் ஞாபகம் வருது. ட்யூபே இல்லாத டயர், உள்ள பசை ஊத்தியிருக்கேன், ஓட்டை தானா அடையும்னு சொன்ன. நல்ல வித்தைதான், ஒத்துக்கிடுதேன். நெருஞ்சிக்கு அது தாங்கும். சீமைக்கருவேலம் முள்ளு டயரோட பக்கவாட்டத் தைக்கும் பாரு, அங்க ஒன் பசை என்ன பண்ணும்? ஒரு பழைய ட்யூபும் கைப்பம்பும் எடுத்துக்க. கேவலமா இருந்தா பையிக்குள்ள ஒளிச்சு வை.

குளத்துக்கரையில போ, நல்ல பாதை. ஆனா ஓடையில தண்ணி கொறச்சலாத்தான ஓடுதுன்னு சைக்கிள எறக்கிராத. இங்க வெயிலு காயும், மேல மலையில கொட்டித் தீக்கும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குத்தாலத்துல அப்படித்தான் பட்டப்பகல்ல திடீர்னு வெள்ளம் வந்து, பதினேழு வயசுப் பையன இழுத்துட்டுப் போயிருச்சு. நூறு பேரு பாத்துக்கிட்டு நின்ன எடம் அது. ஒத்தையில, ராத்திரியில, ஒனக்கு யாரு கயிறு போடுவா?

காத்தையும் கேட்டுக்க. ஆனி ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா வார மேகாத்து சும்மா வராது. அத நம்பித்தான் இந்தப் பக்கம் பூரா காத்தாடி நட்டு கரண்டு எடுக்கான். அவன் காசு பண்ணுத காத்துக்கு எதிர்த்தாப்புல, சாரல் வேற மூஞ்சியில அடிக்க, நீ செங்கோட்டையப் பாத்து மிதிப்பியாம். முட்டி கழண்டுரும்டே. அந்த மாசத்துல கெழக்க பாத்துப் போ. மிதிக்காமலே சுரண்டை வந்துரும். மழை பேஞ்சிருந்தா மட்டும் சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலுக்குள்ள எறங்காத. மண்ணு சக்கரத்துல அப்பிக்கிட்டு உருளவே உருளாது. தோள்லதான் தூக்கணும். அதுக்கும் அந்த அமெரிக்காக்காரன் ஒரு பேரு வச்சிருப்பான்.

சாப்பாட்டுச் சங்கதி ஒண்ணு. பிதுக்கித் திங்குத கொழகொழப்பு ஒண்ண வாயில ஊத்திக்கிடுதியே, என்னடா அது? சக்கரைப்பாகும் உப்பும்தான? கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நாலு வாங்கிப் போட்டுக்க. 2020-ல அதுக்குப் புவிசார் குறியீடே குடுத்தாச்சு, ஒனக்குத்தான் பட்டம் போட்டாத்தான் நம்பிக்கை வருமே. பிரானூர் பார்டர்ல புரோட்டாவும் கோழியும் மூக்குமுட்டத் தின்னுட்டு மட்டும் சைக்கிள் ஏறாத. அது தின்னுட்டுத் தூங்குறதுக்கான சாப்பாடு.

தூக்கத்துக்குத்தான் வாரேன். மத்ததெல்லாம் சில்லறை. ராத்திரி ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு நேரம் இருக்கு. அப்ப ஒன் கண்ணு ஒன் சொல்லுக் கேக்காது. வேலியோரம் வெள்ள வேட்டி கெட்டி ஒருத்தன் நிப்பான். நடுப்பாதையில கெழவி ஒக்காந்திருப்பா. கிட்டப் போனா வேப்பமரமும் மைல்கல்லும். நாங்க அத சொடலைமாடங்கிட்ட விட்டுட்டு, துண்ணூறு பூசிட்டு, பக்கத்து மண்டபத்துலயோ களத்துமேட்டுலயோ முடங்கிருவோம். வெள்ளக்காரனுக்கும் இதே ஆளுவ தென்படுதாம். தூக்கம் கெட்டு மிதிச்சவன் மரத்தோட பேசியிருக்கான், இல்லாத நாய்க்கு விலகிப் போயிருக்கான். மூளை தூக்கத்துக்கு ஏங்கி, முழிச்சிருக்கையிலேயே கனாக் காணுதுன்னு டாக்டர் சொல்லுதாரு. மாடனோ மூளையோ, ரெண்டும் சொல்லுதது ஒண்ணுதான்: படுலே.

ஆனா ஒங்க கூட்டத்துக்குப் படுத்தா மானம் போயிருமே! "தூங்காம அடிச்சேன்"னு சொல்லதுல ஒரு சொகம். அந்த சொகத்துக்குத்தான் எனக்கு ஆத்தாமை. மைக் ஹால்னு ஒரு இங்கிலீசுக்காரன். அந்த டூர் டிவைட 2016-ல பதினாலு நாளைக்குள்ள முடிச்சவன், இந்தக் கலையில ராசா. 2017 மார்ச் 31, ஆஸ்திரேலியாவுல ஒரு நெடும்பந்தயம், கடைசி நெருங்குத நேரம். விடியுதுக்கு முந்தி இருட்டுல, கான்பராவுக்குப் பக்கத்து ரோட்டுல கார் இடிச்சுச் செத்துப் போனான். அவன விட நீ கெட்டியா? கல்லுமேட்டுலயும் பனியிலயும் போகாத உசிரு தார் ரோட்டுல போச்சு.

நீயும் எப்படியும் ஒரு எடத்துல தார் ரோட்டத் தாண்டித்தான் ஆகணும். புளியரை வழியா கேரளாவுக்குப் போற லாரி ராத்திரி பூரா ஓடுதே, அவனும் ஒன்னயப் போலத் தூக்கத்தோட மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் வாரான். பின்னால செவப்பு வெளக்கு ஒண்ணுக்கு ரெண்டா போடு. கறுப்புச் சட்டை போட்டாத்தான் படத்துல எடுப்பா இருக்கும்னு சொன்னியே, அந்தப் படத்தப் பகல்ல எடுத்துக்க.

எந்தக் குளத்துக்கரை வழியாப் போற, எங்க தங்குவேன்னு ஒங்க அம்மாட்ட வாயால சொல்லிட்டுப் போ. புள்ளி அனுப்புனா அவளுக்குப் பாக்கத் தெரியாது. கொட்டாவி ரெண்டாவது தடவை வந்தா எறங்கிப் படு. விடியக்காலம் திரும்பி வந்தா, குத்தாலம் பேரருவியில தண்ணி விழுந்தாக் குளி. கூட்டம் வாரதுக்கு முந்தி நல்லாருக்கும். சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் ஒண்ணும் கொண்டு போகாத. ஐகோர்ட்டு மதுரைக் கிளை அதுக்குத் தடை போட்டு வருசம் பலவாச்சு.