கிராம் கணக்கும் சரளைக் கல்லும்

அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா ஊரில் 2006 முதல் நடந்துவரும் கிராவல் (சரளைப் பாதை) சைக்கிள் பந்தயத்தின் முக்கியத் தூரம் 200 மைல். அதில் ஓட்டுகிறவர்களைவிட, ஓட்டப்போவதாக நினைத்துக்கொண்டு ஃபிரேம் தேடுகிறவர்கள்தான் உலகத்தில் அதிகம்.

அவர்களில் கார்பன் ஃபிரேம் பக்தர் கிராம் கணக்கில் புலி. முந்நூறு கிராமைக் குறைக்க ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுப்பார். பிறகு இரண்டு பாட்டில் தண்ணீரில் ஒன்றரைக் கிலோவை ஏற்றிக்கொள்வார். எஃகு பக்தருக்கு 1935-இல் வந்த ரெனால்ட்ஸ் 531 குழாய்தான் வேதம். டைட்டானியக்காரரோ, “துருவே பிடிக்காது, பேரன் காலத்துக்கும் வரும்” என்பார். பேரனை யாரும் கேட்கவில்லை.

பாவம், அலுமினியம். விலை குறைவு என்பதாலேயே அது முதுகெலும்பை உலுக்கும் என்று பெயர் வாங்கியது. உண்மையில் அலுமினியத்தின் எடையும் விறைப்புத்தன்மையும் எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். டைட்டானியத்துக்கு இரண்டுமே பாதிக்குச் சற்று மேல். உலுக்குவதும் தாலாட்டுவதும் குழாயின் விட்டம், தடிமன், வடிவமைப்பு ஆகியவற்றின் வேலை. அதிலும் பெரும்பங்கு, காற்றைக் கொஞ்சம் குறைத்த அகல டயருடையது.

எம்போரியாவைச் சுற்றியுள்ள ஃபிளின்ட் குன்றுகளின் கூர்ங்கற்கள் டயரைக் கிழிக்கும்போது மேலே இருப்பது எந்த உலோகம் என்று விசாரிப்பதில்லை.

வாங்கப்போகிறவர்கள் அளவு பொருந்துகிறதா, 45 மில்லிமீட்டர் டயர் நுழைகிறதா என்று முதலில் பாருங்கள். உலோகச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.