ஜாடியைக் கவுத்திப் பாரும் மாப்ளே!

என்னவே மாப்ளே, ஒத்தை ஊறுகாய் ஜாடிக்கு எட்டாயிரம் ரூவா கொடுத்தீராமே? உம்ம அத்தை சொன்னா. நூத்தி முப்பது வருஷத்துச் சரக்குன்னு கடைக்காரன் சொன்னானாம், நீரும் தலைய ஆட்டிட்டு போன்லயே காசை அனுப்பிட்டு வந்தீராம். சந்தோசம். ஒருத்தன் வீட்டுல அடுப்பெரியணும்னா இன்னொருத்தன் இப்படி இருந்தாத்தானே ஆகும்.

உம்ம மட்டும் குத்தம் சொல்ல முடியாது. நம்ம மும்பை முலுண்டுல பாதிப் பேருக்கு இந்தக் கிறுக்குப் புடிச்சிருக்கு. பழைய பில்டிங்கை இடிக்கப் போறான்னதும், அம்மா வச்சிருந்த ஜாடிகளைப் பங்கார்வாலாகிட்ட, அதான் பழைய சாமான்காரன்கிட்ட, 'எடுத்துட்டுப் போனாப் போதும்'னு தள்ளிவிட்டவன்தான் இவன். புது டவர்ல பதினெட்டாம் மாடிக்குக் குடிபோனதும் ஸ்லோ டிரெயினைப் புடிச்சு சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டுல இறங்கி, சோர் பஜார் மட்டன் ஸ்ட்ரீட்ல அதே மாதிரி ஜாடியத் தேடி வாங்கியாந்து டிவிக்குப் பக்கத்துல வைக்கான். உள்ள எட்டிப் பாத்தா ஒரு எலுமிச்சங்கா உண்டுமா? பிளாஸ்டிக் பூவு!

சரி, ஜாடியக் கொண்டாரும் இங்கன. ஏம்வே மூடியத் தெறக்கீரு? கவுத்தும்வே. ஆள் வாயால சொல்லுவான், ஜாடி அடியாலதான் சொல்லும்.

அடி வட்டத்துல மட்டும் பளபளப்பு இல்லாம வெறும் மண்ணு தெரியுது பாரும், அதுல விரலை ஓட்டும். வருஷக்கணக்கா அடுக்களைத் தளத்துல இழுபட்ட ஜாடின்னா ஒரு பக்கம் வழவழன்னு தேஞ்சிருக்கும், மறுபக்கம் சொரசொரன்னே கிடக்கும். பொம்பளையாள் ஜாடிய நேராத் தூக்கவா செய்வா? சாய்ச்சு உருட்டித்தானே நகட்டுவா. கீறலும் நாலு திக்குலயும் ஓடும். உப்புத்தாள் வச்சுத் தேச்சுப் பழசாக்குனதுல கீறல் எல்லாம் வரிசை கட்டி ஒரே பக்கமா நிக்கும். அழுக்கையும் நம்பாதேயும். வெந்நீர்ல பஞ்சை நனைச்சுத் துடையும். டீத்தூள் டிக்காஷனும் பூட்ஸ் பாலிஷும் பஞ்சுலயே வந்துரும். அம்பது வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு அத்தனை லேசுல வராது, உம்ம அத்தையக் கேட்டாத் தெரியும்.

இப்பம் அந்த முத்திரையப் படியும். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படியும். வாங்கானேர்னு இருக்கா? கீழ என்ன, குஜராத்தா? அட என் சீமான் மகனே! குஜராத்ங்கிற மாநிலம் பொறந்ததே 1960 மே 1-ஆம் தேதி. இந்த மகாராஷ்டிராவும் அன்னைக்குத்தான் பொறந்தது, ரெட்டைப் புள்ளையா. அதுக்கு முந்தி நாலு வருஷம் வாங்கானேர் பம்பாய் ராஜ்யத்துல கிடந்தது. அதுக்கும் முந்தி, 1948-லருந்து 56 வரைக்கும், சௌராஷ்டிரா ராஜ்யம். வெள்ளைக்காரன் காலத்துல காத்தியவார்ம்பான். குஜராத்னு பொதுவாச் சொல்லுற வழக்கம் பழசுதான், இல்லைங்கலை. ஆனா சௌராஷ்டிராக்காரன் நூத்தி முப்பது வருஷத்துக்கு முந்தி முத்திரையில அந்தப் பேரக் குத்திக்கிட்டான்னா நான் மீசைய எடுத்துருதேன். உம்ம ஜாடிக்கு வயசு என் கடைசித் தம்பி வயசுதான் இருக்கும், அதுவும் மிஞ்சினா.

நம்ம ஊர் ஜாடிக்கு வயசு சொல்லுறது சர்க்கார்தான்வே, கடைக்காரன் இல்லை. அடியிலயோ லேபிள்லயோ விலாசம் இருந்துட்டா நமக்கு வேலையே மிச்சம். 'பம்பாய்-80'ன்னு இருக்கா? அது முலுண்டு மேற்குக்கு அந்தக் காலத் தபால் நம்பர். 1972 ஆகஸ்ட் 15-ல பின்கோடு வந்தப்புறம்தான் அது 400080 ஆச்சு. இங்கிலீஷ்ல மும்பைன்னு இருந்தா 1995-க்குப் பிந்தி. 'நயா பைசா'ன்னு விலை இருந்தா 1957-லருந்து 64-க்குள்ள. இத்தனையும் உமக்குத் தெரிஞ்ச சங்கதிதான். பொது அறிவுப் பரீட்சைக்கு உருப்போட்டீரு, கடைவாசல்ல மறந்துட்டீரு.

சீமைச் சரக்குக்கும் இதே கதைதான். செட்டிநாட்டுப் பக்கம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல நடந்து பாரும், கடைக்குக் கடை ஜப்பான் பீங்கானும் செக்கோஸ்லோவாக்கியாத் தட்டும் அடுக்கி வச்சிருப்பான். பர்மாவுலயும் மலேயாவுலயும் சம்பாதிச்ச செட்டிமார் கப்பல்ல எறக்குன சாமான் அதெல்லாம். ஒவ்வொண்ணும் ராஜா காலத்துதும்பான். செக்கோஸ்லோவாக்கியான்னு ஒரு தேசம் உண்டானதே 1918-ல, 1992 முடியவும் அது ரெண்டாப் பிரிஞ்சு போச்சு. அமெரிக்காக்காரன் 1891-லருந்து, எந்த தேசத்துச் சரக்குன்னு பேரு இல்லாம உள்ள விட மாட்டேன்னுட்டான். அதனால ஜப்பான்காரன் முதல்ல 'நிப்பான்'னு போட்டான். 1921-ல அதுவும் செல்லாதுன்னதும் 'ஜப்பான்'னு மாத்திக்கிட்டான். 'ஆக்குபைடு ஜப்பான்'னு இருந்தா அது சண்டையில தோத்து, அமெரிக்காக்காரன் அங்க உக்காந்திருந்த காலம், 1952-க்குள்ள. ஒரு தேசம் தோத்த வருஷத்தைக் காப்பிக் கோப்பை அடியில எழுதி வச்சிருக்கான் பாரும்.

ஒண்ணு மட்டும் கவனிச்சுக்கிடும். முத்திரை 'இதுக்கு முந்தி இல்லை'ன்னுதான் சொல்லும். அந்தச் சாமான் எப்பம் கைமாறுச்சு, எத்தனை நாள் பரண்ல கிடந்துதுன்னு அதுக்குத் தெரியாது. பாண்டிச்சேரிக்குப் பக்கத்துல அரிக்கமேட்டுல 1945-ல மார்ட்டிமர் வீலர்னு ஒரு தொரை தோண்டுனாரு. இத்தாலியில அரெஸ்ஸோங்கிற ஊர்ல செஞ்ச செவப்புத் தட்டு ஒடைசல் கிடைச்சது, செஞ்சவன் பேரோட. அந்த வகைத் தட்டுக்கு அங்க ஏற்கெனவே காலம் குறிச்சு வச்சிருந்தாங்க. அதை வச்சு, கூடக் கிடந்த நம்ம ஊர்ப் பானைக்கெல்லாம் இவரு வயசு சொன்னாரு. கெட்டிக்காரத்தனம்தான். ஆனா பொறவு விமலா பெக்லின்னு ஒரு அம்மா 1989-லருந்து மறுபடி தோண்டிப் பாத்துட்டு, ஊரு அதுக்கும் முந்தியே உண்டுன்னு சொன்னாங்க. வீலருக்கே அந்தக் கதி. நீரும் உம்ம கடைக்காரனும் எம்மாத்திரம்?

முத்திரையே இல்லைன்னா? அப்பம் மேல்பூச்சைப் பாரும். நம்ம முலுண்டு கிழக்குல ஹைவேக்கு அங்கிட்டு உப்பளம் கிடக்குல்லா, அந்த உப்புக்கும் ஜாடிக்கும் சம்பந்தம் உண்டு. சூளை ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல கொதிக்கும்போது உப்பை அள்ளி உள்ள வீசுவாங்க. ஆவியாப் போற சோடியம் மண்ணுல இருக்கிற மணல்சத்தோட சேந்து கண்ணாடியாப் படியும். அப்படிச் செஞ்ச ஜாடியத் தடவிப் பாத்தா நார்த்தங்காத் தோல் மாதிரி புள்ளிபுள்ளியா இருக்கும். மேல காப்பி நெறம், கீழ வெண்ணெய் நெறம்னு வழவழன்னு இருக்கே உம்முது, அது வேற பூச்சு. பிரிஸ்டல்னு ஒரு ஊர்ல 1835 வாக்குல வில்லியம் பவல்ங்கிறவரு கண்டுபிடிச்ச வகை. இதுல இன்னொரு சூட்சுமம். மேல் பூச்சுல மயிரிழை மாதிரி விரிசல் ஓடுனா உடனே பழசுன்னு துள்ளாதேயும். பூச்சும் மண்ணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலைன்னா நேத்து சூளையில எடுத்ததுக்கும் விரிசல் விழும்.

கலர் கலரா மினுக்குற பழைய மண்பாண்டத்துல மட்டும் ஊறுகாய் போட்டுராதேயும். பூச்சுல ஈயம் இருந்தா புளிப்பு அதை உருவிக் குழம்புல கலந்துரும். எது மண்பாண்டம், எது கல்லு மாதிரி வெந்த ஜாடின்னு கண்டுபுடிக்க, பூச்சில்லாத அடியில நாக்கைத் தொட்டுப் பாரும். மண்பாண்டம்னா நாக்கைப் புடிச்சு இழுக்கும். மட்டன் ஸ்ட்ரீட்ல எல்லாரும் பாக்கும்போது செய்யாதேயும், நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.

நெசமாவே பம்பாய்ப் பழசைப் பாக்கணும்னா பைக்குல்லாவுல எறங்கி பாவு தாஜி லாட் மியூசியத்துக்குப் போம். 1870-கள்ல ஜே.ஜே. கலைப் பள்ளிக்கூடத்துல ஜார்ஜ் வில்கின்ஸ் டெரின்னு ஒருத்தர் சிந்துப் பக்கத்துக் குயவரைக் கூட்டியாந்து சூளை போட்டாரு. அஜந்தாச் சித்திரத்தையெல்லாம் சாடியில எறக்குனாங்க, அந்த வகைச் சரக்கை மியூசியத்துல பாக்கலாம். 'பாம்பே ஸ்கூல் ஆஃப் ஆர்ட்'னு பேரு போட்டது உண்டு. அந்த வகை உம்ம கண்ணுல எட்டாயிரத்துக்குப் பட்டுதுன்னா, வாங்குறதுக்கு முந்தி எனக்கொரு போன் போடும். நான் வந்து சிரிச்சுட்டுப் போறேன்.

அடுத்த தடவை ஒரு வேலை செய்யும். கடைக்காரன் நூறு வருஷத்துக்கு மேலன்னதும், மொகத்தை அப்பாவியா வச்சுக்கிட்டு, 'அண்ணே, அப்படின்னா இது தொல்பொருள்லா? 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி இதை விக்கதுக்கு லைசென்ஸ் வேணுமே, காட்டுங்க'ன்னு கேளும். குரலை ஒசத்தாம, பணிவாக் கேளும். வெளிதேசத்துல இருக்கிற மச்சானுக்கு அனுப்பப் போறேன், அதுக்கும் சட்டம் விடாதாமேன்னு சேத்துக்கிடும். அந்த நிமிசமே ஜாடிக்கு எழுபது வருஷம் கொறஞ்சுரும், விலை எட்டாயிரத்துலருந்து எண்ணூறுக்கு எறங்கிரும். எண்ணூறுக்கு அது நல்ல ஜாடிதான்வே. ரெண்டா வாங்கிட்டு வாரும், அத்தை கிடாரங்கா போட ஜாடி இல்லைன்னு போன வாரமே என்னைப் புடுங்கியெடுத்தா.