எட்டு சேனலும் ஒரு தொண்டையும்

வீட்டிலேயே ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். வீட்டுக்குள் அதற்கு இன்னமும் 'சாமான் ரூம்' என்றுதான் பெயர். பழைய பாய்கள், கொலுப் பெட்டி, ஒரு மைக், நான். கம்ப்யூட்டரின் ஃபேன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று அதை ஹாலுக்கு நாடு கடத்தியாயிற்று. நடுவில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்.

முதலில் செப்பு ஒயரில்தான் இணைத்திருந்தேன். இரண்டு அறைகளின் எர்த்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல், 50 ஹெர்ட்ஸில் ஓயாத ஒரு 'ம்ம்ம்'. "நீங்க பாடறதுல சுருதி விலகாம நிக்கிறது அது ஒண்ணுதான்" என்றாள் மனைவி.

அதற்கு மருந்து ஆப்டிகல் கேபிள். 1983இல் தோஷிபா சிடி பிளேயருக்காகக் கொண்டுவந்த டாஸ்லிங்க். பிளாஸ்டிக் இழைக்குள் சிவப்பு வெளிச்சம் மட்டும் ஓடும். மின்சாரம் துளியும் போகாது, அதனால் எர்த் தகராறும் இல்லை. அதே கேபிளில் அலேசிஸ் நிறுவனத்தின் அடாட் முறைப்படி 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனல் அனுப்பலாம். 96க்குப் போனால் நாலாகக் குறைந்துவிடும். எனக்கு இருப்பது ஒரு தொண்டை. அதுவும் மழைக்காலத்தில் கிடையாது. ஆனாலும் நாலு சேனலோடு வாழ மனம் ஒப்பவில்லை.

அமெரிக்காக்காரர்கள் எழுதிய குறிப்புகளில் கேபிளைச் சுவருக்குள் கொண்டுபோவது அரைமணி வேலை. அவர்கள் வீட்டுச் சுவர் ஜிப்சம் பலகை, உள்ளே காலி. நம் சுவரில் ஒயர் போக வேண்டுமானால் மிஷின் வைத்து வெட்டி, பைப் பதித்து, பூசி, பெயின்ட் அடித்து, மூன்று நாள் வீட்டார் முகத்தைப் பார்க்காமல் நடமாட வேண்டும்.

எலக்ட்ரீஷியன் கேபிளை விரலால் உருட்டிப் பார்த்தார். "எத்தனை ஆம்ப்ஸ் சார்?"

"இதுல கரண்ட்டே வராதுங்க."

"அப்புறம் எதுக்கு சார் சுவத்தை உடைக்கிறீங்க?"

பிளஸ் டூவில் படித்த முழு அக எதிரொளிப்பை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சமையலறைப் பக்கம் போய், "சார் எங்க வேலை பாக்கறாரு?" என்று மனைவியிடம் விசாரித்தது காதில் விழுந்தது.

அவர் எல்போ எடுத்தால் நான் தடுத்தேன். கேபிளைச் சட்டென்று மடக்கினால் வெளிச்சம் ஓரத்தில் கசிந்துவிடும்; வளைவான பெண்டுதான் வேண்டும். முனையில் பிளக் வார்த்தே வருவதால் ஒரு அங்குல பைப். வெளிச்சம் ஒருவழிப் பாதை என்பதால் போக ஒன்று, வர ஒன்று. ஐந்து மீட்டருக்குள் முடித்தால் நிம்மதி. பத்தைத் தாண்டினால் கடவுள் சித்தம். மோட்டார் ஒயரை இழுக்கிற வேகத்தில் அவர் இழுக்க, "மெதுவா, மெதுவா" என்று நான் கூட ஓட, "நீங்களே இழுத்துக்கோங்க சார்" என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

இதற்கு நடுவே பெருமை தாங்காமல், "பக்கத்துல எந்த கரண்ட் ஒயர் போனாலும் இதை ஒண்ணும் பண்ணாது" என்று உரக்கச் சொல்லித் தொலைத்தேன். அப்படியா என்று மனைவி நிமிர்ந்தாள். சாயங்காலத்துக்குள் அதே வெட்டில் கிரைண்டருக்கு ஒரு பைப், இன்வெர்ட்டருக்கு ஒன்று, அம்மாவின் கட்டிலருகே பிளக் பாயின்ட்டுக்கு ஒன்று. திறந்த சுவரைச் சும்மா மூட நம் வீடுகளில் யாருக்கு மனம் வரும்? என் கேபிள் மூலையில் ஒண்டிக்கொண்டது. பில்லில் அதற்குக் கூலி போடவில்லை. எலக்ட்ரீஷியன் அதை ஒரு வேலையாகவே மதிக்கவில்லை.

மறுமுனையில் சிவப்பு வெளிச்சம் தெரிந்ததும் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். "சீரியல் லைட்டா?" என்றாள் அம்மா.

அன்றிரவே பதிவு. அந்த 'ம்ம்ம்' அடியோடு போயிருந்தது. பதிலாக, ஹால் டிவியில் மாமியாரும் மருமகளும் போட்ட சண்டை எழுத்துச் சுத்தமாக, 24 பிட்டில் பதிவாகியிருந்தது. கேபிளுக்குள் எதுவும் நுழையாதுதான். கேபிளைச் சுற்றியிருக்கும் ஒரு அங்குல பைப் வழியாக ஊரே நுழைகிறது. சுவர் தாண்டும் பைப்பின் இரு வாயையும் காற்றுப் புகாமல் அடைத்தால்தான் சத்தம் நிற்கும்.

சீலன்ட் டியூப்போடு ஹால் பக்கப் பெட்டியைத் திறந்தேன். அம்மா நாற்காலியை அதன் அருகிலேயே இழுத்துப் போட்டிருந்தாள்.

"அதை அடைச்சுடாதேடா. உனக்குக் காபி வேணுமான்னு கேக்க, எழுந்து வராம எவ்வளவு சௌகரியமா இருக்கு!"