கப்பல் மிதந்தது, கல்லா நிறையவில்லை

கேள்வி: ‘பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி 2: டெட்ஃபயர்’ கேமை ஆடியவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். பிறகு ஏன் விற்கவில்லை?

பதில்: கொண்டாடியவர்களில் பலர் கப்பல் கிளம்பியபின் ஓடிவந்து ஏறியவர்கள்! கேமை உருவாக்க ரசிகர்களும் சிறு முதலீட்டாளர்களும் முன்கூட்டியே 44 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஆனால் அப்சிடியன் நிறுவனம் உருவாக்கிய அந்த கேம் 2018 மே மாதம் வெளியானபோது எதிர்பார்த்த கூட்டம் கடைக்கு வரவில்லை.

ஆடியவர்கள் சொன்ன குறைகளில் நியாயம் உண்டு. கடற்சண்டை என்று ஆசையாகப் போனால், பீரங்கியைச் சுடவா, கப்பலைத் திருப்பவா என்று எழுத்திலேயே கேட்கும். பலர் எதிரிக் கப்பலை நெருங்கி, தாவி ஏறி, வாளை உருவிவிடுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். கதையிலோ, இயோதாஸ் என்ற கடவுள் ராட்சதச் சிலையாக எழுந்து தீவு தீவாக நடக்கிறார். துரத்த வேண்டிய நாம் புதையல் தேடிக்கொண்டிருப்போம்!

ஆனால் இந்தக் குறைகளை மறக்க, கேமில் வரும் நெகெடாகா நகரம் ஒன்றே போதும். உச்சியில் அரண்மனை, அடியில் ‘கல்லெட்’ என்ற பள்ளம். மேல்சாதியார் உண்டு மிஞ்சியதற்காக ரொபாரு என்ற கீழ்ச்சாதி மக்கள் அங்கே காத்துக் கிடக்கிறார்கள். அந்தத் தீவுகளை ஆளத் துடிக்கும் நான்கு தரப்பில் எதுவுமே சுத்தத் தங்கம் அல்ல. யார் பக்கம் நிற்பது என்று முடிவெடுப்பதற்குள் தூக்கம் போய்விடும். இதற்கிடையே கடலில் நம் மாலுமிகளுக்கு நல்ல சாப்பாடு போடாவிட்டால் முகம் சுளிப்பார்கள். அதையும் கவனிக்க வேண்டும்.

2019-இல் முறைவைத்து மோதும் வசதியும் வந்துவிட்டது. நிதானமாக ஆடுபவர் என்றால் அதில் தொடங்குங்கள்.